டல்ஹௌசி கோட்டையின் படுக்கையறைகள்: யார் பெயரில் யார் தூங்குகிறார்கள்? – ஒரு நிகழ்வு ஆய்வு

1842 செப்டம்பரில் விக்டோரியா ராணி முதன்முதலாக ஸ்காட்லாந்து வந்தார். வயது 23. எடின்பரோவுக்குத் தெற்கே டல்கீத் மாளிகையில் தங்கியிருந்தவர், வண்டியில் சுற்றிவரப் போனபோது பக்கத்திலிருந்த டல்ஹௌசி கோட்டையையும் எட்டிப் பார்த்தார். அன்றைய நாட்குறிப்பில் அதைப் பற்றிச் சில வரிகள் இருக்கின்றன. செந்நிறக் கல்லால் ஆன அசல் பழைய ஸ்காட்லாந்துக் கோட்டை. கொஞ்ச நேரம் இறங்கினோம். கூடத்து ஜன்னலிலிருந்து மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கும் தொலைவில் மலையும் தெரிந்தன. நான்காம் ஹென்றிக்குப் பிறகு எந்த அரசரும் இங்கே வந்ததில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார்.

அந்த வீட்டுக்காரர் கொஞ்சம் குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும். நான்காம் ஹென்றி இங்கிலாந்து அரசர்; அவர் வந்தது 1400-ல், படையோடு. கோட்டைக்குள் நுழைய முடியாமல் திரும்பிப் போனார். அந்த முற்றுகை ஆறு மாதம் நீடித்தது என்று கோட்டையின் வரலாற்றைச் சொல்லும் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் ஹென்றி அந்த ஆகஸ்டில் ஸ்காட்லாந்து மண்ணில் இருந்ததே இரண்டு வாரத்துக்குச் சற்று மேல்தான். ஆறு மாதக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்டால் கதை கெட்டுவிடும்.

ராணிக்கு ஜன்னலைக் காட்டிய வீட்டுக்காரரின் பெயர் ஜேம்ஸ் ராம்சே, பத்தாவது டல்ஹௌசி ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்). அப்போது வயது 30. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் இவரைத் தெரியும்: டல்ஹௌசி பிரபு, வாரிசு இழப்புக் கொள்கை, ஐந்து மதிப்பெண் வினா. அவர் பிறந்ததும் இறந்ததும் இந்தக் கோட்டையில்தான். இன்று அது ஒரு தங்கும் விடுதி. வரலாற்று நாயகர்களின் பெயர் சூட்டிய படுக்கையறைகளில், சப்பரமஞ்சக் கட்டிலில், பணம் கொடுத்து யார் வேண்டுமானாலும் படுத்துத் தூங்கலாம்.

அந்த அறைகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பழைய கோட்டையை விடுதியாக்கும்போது எந்த அறைக்கு எந்தப் பெயரை வைக்கிறார்கள், ஏன், அந்தப் பெயருக்கும் அறைக்கும் உண்மையில் என்ன உறவு என்பதே கேள்வி.

இடமும் கட்டடமும்

எடின்பரோவிலிருந்து தெற்கே சுமார் 13 கிலோமீட்டர், மிட்லோதியன் மாவட்டத்தில் பானிரிக் ஊருக்கு அருகே, சவுத் எஸ்க் ஆற்றங்கரையில் இருக்கிறது டல்ஹௌசி. ராம்சே குடும்பம் 12ஆம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்துக்கு வந்துவிட்டது. முதலில் பெயர் தெரிகிறவர் சிமுண்டஸ் டி ராம்சேயா. 13ஆம் நூற்றாண்டில் இந்த இடத்தில் ஒரு கோட்டை இருந்தது. அதில் இன்று மிஞ்சியிருப்பவை அடித்தளமும் நிலவறை வளைவுகளும்தான். நாம் படத்தில் பார்க்கும் செங்கல் நிறக் கோட்டை பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஆற்றின் அக்கரையில் வெட்டிய கல். மூலையில் நிற்கும் உருளைக் கோபுரம் ஏறத்தாழ 1450-ஐச் சேர்ந்தது. முன்னால் நீரில்லாத அகழி, அதன்மேல் தூக்குப்பாலம். பாலத்தைத் தூக்கிய சங்கிலிக்கான நீண்ட பிளவுகள் வாசலுக்கு மேலே இன்னும் தெரிகின்றன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வசதிக்காக நிறைய மாற்றினார்கள். ஜன்னல்கள் பெரிதாயின, மாடங்கள் கூடின.

1450 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதியில் முப்பதுக்குச் சற்றுக் குறைவான அறைகள். அவற்றில் ஒரு பகுதி வரலாற்றுக் கருப்பொருள் கொண்டவை. இங்கிலாந்தை எதிர்த்துப் போராடிய சர் வில்லியம் வாலஸ், ஸ்காட்லாந்தை ஆண்ட ராபர்ட் த புரூஸ், மேரி ராணி, ஆறாம் ஜேம்ஸ் ஆகிய பெயர்கள் அவற்றில் பிரபலமானவை. கனமான திரைச்சீலை, கருமரச் சாமான்கள், குலச்சின்னம், அந்தந்த ஆளின் காலத்தை நினைவூட்டும் துணிகளும் படங்களும். பழைய நிலவறை இப்போது உணவகம். பெயரும் பாதாளச் சிறை என்ற பொருளில்தான். உண்மையான பாதாளச் சிறையும் கோட்டையில் உண்டு. குப்பியின் கழுத்து மாதிரி மேலே மட்டும் வாய் உள்ள அதற்குள் கைதியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்களாம்.

பெயர்களைச் சோதித்தல்

வாலஸ் லண்டனில் கொல்லப்பட்டது 1305-ல். புரூஸ் இறந்தது 1329-ல். இன்று அவர்கள் பெயரைத் தாங்கும் கோட்டையின் பெரும்பகுதி எழும்பியது அதற்கு நூறு வருடங்களுக்கும் மேல் கழித்து. ஆகவே அந்த அறைகளின் சுவர்களை அவர்கள் இருவரும் பார்த்திருக்க வழியில்லை. 1298-ல் ஃபால்கர்க் போருக்குப் போகும் வழியில் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு டல்ஹௌசியில் தங்கினார் என்று சொல்கிறார்கள். அந்தப் போரில் வாலஸ் தோற்றார். அதாவது இந்த இடத்தில் இரவு கழித்ததாக மரபு சொல்வது வாலஸைத் தோற்கடித்தவரை. அறையின் பெயரோ வாலஸுடையது. எட்வர்டு பெயரில் அறை எடுத்து ஸ்காட்லாந்தில் யார் தேனிலவு கொண்டாடப் போகிறார்கள்?

புரூஸ் கதை இவ்வளவு மோசமில்லை. ராம்சே குடும்பம் 1296-ல் எட்வர்டுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தது. 1320-ல் புரூஸின் பக்கம் நின்று, ஸ்காட்லாந்தின் சுதந்திரத்தை அறிவித்த ஆர்புரோத் பிரகடனத்தில் முத்திரை வைத்தவர்களில் ஒரு வில்லியம் ராம்சேயும் இருந்தார். காற்றடிக்கும் பக்கம் சாய்ந்தார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்து ஸ்காட்லாந்துப் பிரபுக்களில் அப்படிச் சாயாதவர்களை விரல்விட்டு எண்ணலாம். புரூஸே சாய்ந்தவர்தான்.

ஆறாம் ஜேம்ஸ் அறைக்குத்தான் நல்ல உரிமை இருக்கிறது. 1600 ஆகஸ்ட் 5. பெர்த் நகரில் கௌரி ஏர்லின் வீட்டுக்கு அரசர் விருந்துக்குப் போகிறார். கொஞ்ச நேரத்தில் கோபுர ஜன்னலிலிருந்து ‘சதி, சதி’ என்று அரசரின் கூச்சல். கீழே நின்றவர்கள் முன்படியில் ஓடி, பூட்டிய கதவில் முட்டிக்கொண்டிருக்க, ஜான் ராம்சே என்ற இளம் பணியாள் பின்பக்கச் சுழற்படியில் ஏறிப் போய்ச் சேர்கிறான். டல்ஹௌசி குடும்பத்துப் பையன். கையில் அரசரின் வேட்டைப் பருந்து. அதை விட்டுவிட்டு, அரசரோடு கட்டிப்புரண்டுகொண்டிருந்த கௌரியின் தம்பியைக் குத்துகிறான். அந்தச் சண்டைக்கு நடுவே பறவை பறந்துவிடாமல் அதன் வாரை அரசர் காலால் மிதித்துக்கொண்டு நின்றாராம். சற்று நேரத்தில் கௌரி ஏர்லும் செத்துக் கிடந்தார். உண்மையில் நடந்தது கொலை முயற்சியா, அரசரே கட்டிய நாடகமா என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ராம்சே குடும்பத்துக்கு லாபம் மட்டும் நிச்சயம். ஜான் பின்னாளில் ஹோல்டர்னெஸ் ஏர்ல் ஆனார். அவருடைய அண்ணன் ஜார்ஜ் ராம்சே பிரபு ஆனார். ஜார்ஜின் மகன் 1633-ல் முதலாவது டல்ஹௌசி ஏர்ல். பட்டம், அந்தஸ்து எல்லாம் அந்தப் பின்படியில் ஓடிய ஓட்டத்தில் ஆரம்பித்தவை.

இன்று டல்ஹௌசி விடுதியில் விருந்தாளிகளுக்குப் பருந்து பறக்கவிடும் விளையாட்டும் உண்டு. அதையும் ஜேம்ஸ் அறையையும் இந்தக் கதையால் முடிச்சுப் போட்டிருந்தால், சுவரில் இன்னொரு கேடயம் மாட்டுவதைவிட எவ்வளவோ கனமாக இருந்திருக்கும்.

மேரி ராணி அறையைப் பற்றிப் பேச டல்ஹௌசியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். அங்கே போர்த்விக் கோட்டை இருக்கிறது. 1430-ல் கட்ட உரிமம் பெற்றது. இரட்டைக் கோபுரம் 33 மீட்டர் உயரம். 1567 மே மாதம் போத்வெல் பிரபுவைத் திருமணம் செய்த மேரி, ஜூனில் அவரோடு இங்கே தங்கியிருந்தபோது எதிரிப் பிரபுக்கள் கோட்டையைச் சூழ்ந்தார்கள். போத்வெல் முதலில் நழுவினார். மேரி ஆண் வேடம் போட்டுக்கொண்டு இரவில் தப்பினார். ஜூன் 15-ல் கார்பெரி மலையில் சரணடைந்ததோடு அவருடைய ஆட்சி முடிந்த மாதிரிதான். போர்த்விக்கும் இன்று விருந்தினர் தங்கும் இடம். அங்கேயும் மேரி பெயரில் அறை உண்டு. இரண்டு கோட்டைகள், ஒரே ராணி, இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் அவர் கடைசியாக நிம்மதியாகத் தூங்க முயன்ற இரவுகளின் நினைவு. மற்றதில் பெயர்.

மூன்று கோட்டைகள், மூன்று விதம்

ஸ்காட்லாந்தில் இத்தகைய அறைகள் எல்லாம் ஒரே ரகமல்ல.

அயர்ஷயர் கடற்கரையில் கல்சீன் கோட்டை ராபர்ட் ஆடம் 1777 முதல் 1792 வரை உருமாற்றிய கட்டடம். 1945-ல் கென்னடி குடும்பம் அதை ஸ்காட்லாந்துத் தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்தது: மேல்மாடி வீட்டை அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவரின் ஆயுட்காலத்துக்கு அவருக்கே விட வேண்டும், இரண்டாம் உலகப் போரில் அவர் செய்ததற்கு நன்றி. அவர் நான்கு முறை வந்து தங்கினார், ஒருமுறை அமெரிக்க அதிபராகவே. இன்று அந்த மேல்மாடி வாடகைக்குக் கிடைக்கிறது. அங்கே கருப்பொருள் என்று எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆள் வந்தார், தூங்கினார், ஜன்னலில் கடலைப் பார்த்தார். அதே ஜன்னல், அதே கடல்.

மறுகோடியில் கிளாமிஸ் கோட்டை. அங்கே டங்கன் கூடம் என்று ஒன்று காட்டுவார்கள், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மக்பெத் ஸ்காட்லாந்து அரசர் டங்கனைக் கொன்ற இடம் என்ற நினைவில். அசல் டங்கன் 1040-ல் வடக்கே எல்கின் அருகே அடிபட்டுச் செத்தார். நாடகத்துக்கும் அந்தக் கூடத்துக்கும் உறவு பார்ப்பவர் மனதில்தான்.

டல்ஹௌசி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் சொந்தக் கதைகள் கனமானவை, ஆனால் பெயர்ப்பலகைக்கு அது தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் நாட்டுக்கே பொதுவான பெயர்கள். இதில் வியாபாரப் புத்தி இருக்கிறது, நான் மறுக்கவில்லை. இணையத்தில் அறை தேடுகிற அமெரிக்கருக்கும் ஜெர்மானியருக்கும் வாலஸும் மேரியும் தெரியும். அலெக்ஸாண்டர் ராம்சேயைத் தெரியாது. தெரிந்த பெயரில் கை தானாகப் போகும்.

அந்த அலெக்ஸாண்டர் ராம்சேயை மட்டும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1338-ல் இங்கிலாந்துப் படை டன்பார் கோட்டையை மாதக்கணக்கில் சுற்றி வளைத்திருந்தது. உள்ளே தலைமை ஒரு பெண், கறுப்பு ஆக்னஸ் என்று பெயர் வாங்கியவர். இரவில் படகுகளில், நாற்பது பேரோடு, கடல் வழியாக உணவு கொண்டுபோய்ச் சேர்த்தவர் டல்ஹௌசியின் அலெக்ஸாண்டர் ராம்சே. 1342-ல் ராக்ஸ்பரோ கோட்டையை இங்கிலாந்துக்காரர்களிடமிருந்து பிடித்தார். அரசர் மகிழ்ந்துபோய் அவருக்குக் கொடுத்த பதவி, லிட்டெஸ்டேல் பிரபு வில்லியம் டக்ளஸ் தனக்கு வேண்டும் என்று நினைத்திருந்த பதவி. டக்ளஸ் அவரைப் பிடித்து ஹெர்மிடேஜ் கோட்டையின் நிலவறையில் போட்டுப் பட்டினி கிடக்கவிட்டார். மேலே தானியக் கிடங்கு. பலகை இடுக்கு வழியே சிந்திய தானியத்தைப் பொறுக்கித் தின்று பதினேழு நாள் உயிரோடு இருந்தாராம். இன்னொரு கோட்டைக்குச் சோறு கொண்டுபோனவர் சோறில்லாமல் செத்தார். இந்தக் கதையை ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தலையணை மேல் வைத்தால் போதும், அந்த அறையை எவரும் மறக்க மாட்டார்கள். தூக்கம் வருமா என்பது வேறு விஷயம்.

துணியும் கல்லும்

ஓர் அறைக்குப் பெயர் வைப்பதற்கு ஏன் இவ்வளவு மவுசு என்று புரிய, மற்றவற்றுக்கு என்ன செலவாகும் என்று பார்க்க வேண்டும்.

டல்ஹௌசி ஏ பிரிவில் பட்டியலிடப்பட்ட கட்டடம். ஸ்காட்லாந்தில் ஏ, பி, சி என்று மூன்று படிகள். ஏ தான் உச்சம். பட்டியலில் சேர்ந்துவிட்டால் பாதுகாப்பு வெளிச்சுவரோடு நிற்காது, உள்ளேயும் வரும். ஒரு கதவை அகலப்படுத்த வேண்டுமா, சுவரைக் குடைந்து குழாய் விட வேண்டுமா, உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும். 15ஆம் நூற்றாண்டுச் சுவருக்குள் குளியலறை புகுத்துவது எப்போதும் பேரம்தான். எந்த மூலையை விட்டுக்கொடுப்பது? எந்தக் கல்லில் துளை போடுவது? உருளைக் கோபுரத்தில் சுவர் வளைந்து போவதால் நேர் முதுகுள்ள அலமாரி எதுவும் ஒட்டி நிற்காது. சுழற்படியில் அகலமான கட்டிலை முழுதாக ஏற்ற முடியாது; பிரித்து ஏற்றி, மேலே பொருத்த வேண்டும். பருமனான கல்சுவர் கம்பியில்லா இணையத்தையும் விழுங்கிவிடும்.

பெயருக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. துணிக்கும் பெரிதாக இல்லை. திரை, கட்டில் விதானம், கம்பளம், படம் எல்லாம் கல்லைத் தொடாமல் வந்து, கல்லைத் தொடாமல் போகக்கூடியவை. கோட்டை விடுதிகளின் கருப்பொருள் ஏன் பெரும்பாலும் துணியிலேயே குடியிருக்கிறது என்பதற்கு ரசனையைவிட இந்தச் சட்டம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

சப்பரமஞ்சக் கட்டிலுக்கு மட்டும் ஒரு நியாயம் உண்டு. இன்று அது காதல் அலங்காரம். அன்று அது அறைக்குள் ஓர் அறை. கல்வீட்டில் குளிர்காற்று எந்த இடுக்கிலும் வரும். ஓர் அறை வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போக வேண்டும், வேலைக்காரர்கள் குறுக்கே நடப்பார்கள். நான்கு பக்கமும் திரையை இழுத்துவிட்டால் சூடும் மறைவும் ஒன்றாகக் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளில் நடை, முற்றம், உள்கட்டு என்று கட்டடமே பிரித்துக் கொடுத்ததை அங்கே ஒரு கட்டில் செய்தது.

கனமான துணி, பழைய மரம், சுவருக்குள் ஒளிந்த வெற்றிடங்கள் எல்லாம் சேர்ந்தால் அடுத்த கவலை தீ. 2017 டிசம்பர் 18 விடிகாலையில் லோக் லோமண்ட் கரையிலுள்ள கேமரன் ஹவுஸ் விடுதியில் தீப்பிடித்து இரண்டு விருந்தினர் இறந்தார்கள். பழைய மாளிகை. வரவேற்பு அறை அலமாரியில் வைத்த சாம்பல் பை ஒன்றிலிருந்து தொடங்கிய தீ. பிறகு நடந்த மரண விசாரணையின் முடிவில், வரலாற்றுக் கட்டடங்களை விடுதியாக மாற்றும்போது தானாகத் தீயணைக்கும் அமைப்பைக் கட்டாயமாக்குவது பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்று நீதிபதி பரிந்துரைத்தார். விட்டத்தில் நீர்த்தெளிப்பான் தெரிந்தால் அழகு போய்விடும் என்று அலங்காரக்காரர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

டல்ஹௌசியில் எனக்குப் பிடித்த அறை எந்த நாயகனின் பெயரையும் தாங்கவில்லை. டி ராம்சேயா என்ற அந்த அறைக்குள் ஒரு கிணறு இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுப் பழமையானது என்கிறார்கள். கோட்டைக்குள் தண்ணீர் இல்லாவிட்டால் எந்த முற்றுகையையும் தாங்க முடியாது; சுவரின் பருமனைவிட முக்கியம் அது. படுக்கைக்குப் பக்கத்தில் அந்த வாய் திறந்திருப்பதை ஒரு விருந்தாளி பார்க்கும்போது, கோட்டை என்றால் என்ன என்று எந்த விளக்கப் பலகையும் இல்லாமல் புரிந்துவிடும். அந்த அறையைக் கட்டடமே கொடுத்தது.

இந்த வீடு ஏன் காலியானது?

இந்தக் கோட்டை விடுதியானதே ஏன் என்பதற்குப் பதில் தேடிப் போனால், கதை தஞ்சாவூர் வழியாகச் சுற்றி வருகிறது.

ஜேம்ஸ் ராம்சே 1848 ஜனவரியில், 35 வயதில், கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் பொறுப்பேற்றார். அடுத்த எட்டு ஆண்டுகளில் ரயில், தந்தி, அரையணாத் தபால், பொதுப்பணித் துறை. அதே எட்டு ஆண்டுகளில் சதாரா, ஜான்சி, நாக்பூர். சுதேச அரசர் சொந்த ஆண் வாரிசு இல்லாமல் இறந்தால், தத்துப்பிள்ளையை ஏற்காமல், ராஜ்யத்தைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். இந்தக் கொள்கையை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பும் சில இடங்களில் நடந்தது. ஆனால் தயங்காமல் கையாண்டது அவர். பஞ்சாபைப் போரில் எடுத்தபின் கோஹினூர் வைரத்தை லாகூரிலிருந்து பம்பாய்க்கு அவரே இடுப்பு வாரில் வைத்துத் தைத்துக் கொண்டுபோனார். தைத்துக் கொடுத்தவர் மனைவி. 1842-ல் கூடத்து ஜன்னலில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்த அதே ராணியின் கைக்கு 1850 ஜூலையில் அந்த வைரம் போய்ச் சேர்ந்தது.

1855-ல் உடம்பு கெட்டு நீலகிரியில் பல மாதங்கள் தங்கினார். அந்த அக்டோபர் 29-ல் தஞ்சாவூரில் இரண்டாம் சிவாஜி இறந்தார். ஆண் வாரிசு இல்லை. 1799 ஒப்பந்தத்துக்குப் பிறகே தஞ்சை அரசர் கையில் மிஞ்சியிருந்தது கோட்டையும் சுற்றுப்புறமும்தான்; இப்போது பட்டமும் போனது. டல்ஹௌசி கப்பலேறிய பிறகு, 1856-ல், கம்பெனி அரண்மனைச் சொத்தையும் கைப்பற்றியது. அரசரின் தனிச் சொத்தையும் சேர்த்து அள்ளினார்கள். ராணி காமாட்சி பாய் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1859-ல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. இது ஓர் அரசின் செயல், சரியோ தவறோ, இதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது தீர்ப்பு. சட்டம் படிப்பவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். 1862-ல் அரசாங்கமே இறங்கிவந்து தனிச் சொத்தை ராணிகளுக்கு விட்டுக்கொடுத்தது.

டல்ஹௌசி 1856-ல் ஊர் திரும்பினார். மனைவி 1853-லேயே ஊர் திரும்பும் கப்பலில் இறந்திருந்தார். அடுத்த ஆண்டு 1857 வெடித்தது. பழி அவர் தலையில் விழுந்தது. அவர் வாய் திறந்து தன்னைக் காத்துக்கொள்ளவில்லை. தன் தனிப்பட்ட காகிதங்களை இறந்து ஐம்பது ஆண்டுகளுக்குள் வெளியிடக் கூடாது என்று எழுதிவைத்தார். 1860 டிசம்பர் 19-ல், 48 வயதில், பிறந்த வீட்டிலேயே இறந்தார். இரண்டு மகள்கள். மகன் இல்லை.

1849-ல் அவருக்குக் கிடைத்த, ஏர்லுக்கும் மேலான மார்க்விஸ் பட்டம் அவரோடு செத்தது. ஏர்ல் பட்டமும் கோட்டையும் உறவினர் ஃபாக்ஸ் மௌலுக்குப் போயின. மௌல் குடும்பத்துக்குத் தன் சொந்த இருப்பிடம் வடகிழக்கே ஆங்கஸில், பிரெக்கின் கோட்டையில் இருந்தது. இரண்டு கோட்டைகள் கையில் இருந்தால் ஒன்று வீடாக இருக்கும், மற்றது செலவாக இருக்கும். 20ஆம் நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில் குடும்பம் பிரெக்கினுக்கே முழுதாகப் போய்விட்டது. டல்ஹௌசி வாடகைக்கு விடப்பட்டது. 1927 முதல் 1950 வரை விடுதிப் பள்ளிக்கூடம். பையன்கள் ஓடிய கூடத்தில் 1972-ல் விடுதி வரவேற்பு மேசை வந்தது. 1977-ல் ராம்சேக்கள் விற்றுவிட்டார்கள். ஏழு நூற்றாண்டுக்கும் மேல் ஒரே குடும்பத்திடம் இருந்த இடம் கைமாறியது. 2003-ல் வாங்கிய விடுதிக் குழுமம் 2011-ல் கடனில் மூழ்கியது. பிறகு வேறு கை.

மகன் பிறந்திருந்தாலும் கோட்டை பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு உலகப் போர்களுக்கும் வாரிசு வரிக்கும் பிறகு ஸ்காட்லாந்தில் நூற்றுக்கணக்கான பெரிய வீடுகளை இடித்தே போட்டார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் விடுதியானது டல்ஹௌசியின் அதிர்ஷ்டம். ஆனால் வாரிசு இல்லாமல் உறவினர் கைக்குப் போனதுதான் அதைக் காலி வீடாக்கிய சங்கிலியின் முதல் கண்ணி. தஞ்சாவூர்க்காரர் யாராவது அங்கே போய் இரவு தங்கினால், தலைமாட்டில் எந்தப் பெயர் இருந்தாலும், அந்தக் கட்டில் அங்கே வரக் காரணம் வாரிசு இழப்புத்தான் என்று நினைத்துக்கொள்ள உரிமை உண்டு.

இன்னும் எப்படிச் செய்திருக்கலாம்

டல்ஹௌசி பிரபு பெயரில் ஓர் அறையை என்னிடம் அலங்கரிக்கச் சொன்னால் திணறித்தான் போவேன். யானைத் தந்தமும் புலித்தோலும் மாட்டினால் அருவருப்பு. ஒன்றுமே நடக்காத மாதிரி நீராவி எஞ்சின் படம் மட்டும் மாட்டினால் பொய். அவர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பொருள்கள் எப்படியும் இங்கே தங்கவில்லை. தாய்வழிச் சொத்தான கோல்ஸ்டன் மாளிகைக்குப் போய், பிறகு ஏலத்தில் சிதறிவிட்டன. சுவரில் ஒரு வரைபடம் போதும் என்று தோன்றுகிறது. 1848-ன் இந்தியா ஒரு பக்கம், 1856-ன் இந்தியா மறுபக்கம். நிறம் மாறிய இடங்களைப் பார்த்துவிட்டு விருந்தாளி விளக்கை அணைத்துக்கொள்ளட்டும்.

விக்டோரியாவுக்கு அறை வேண்டாம். அந்த ஜன்னலுக்கு அவர் பெயரை வைக்கலாம். கொஞ்ச நேரம் இறங்கியவருக்கு ஒரு ஜன்னல் சரியான அளவு.

வாலஸையும் புரூஸையும் எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். அவர்கள் சோறு போடுகிறவர்கள். அவர்கள் அறைக்குள் ஓர் அட்டையில் ‘இந்தச் சுவர் எழும்பியது இவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் கழித்து’ என்று சிரித்துக்கொண்டே ஒரு வரி எழுதினால் யாரும் அறையைக் காலி செய்துவிட்டு ஓடப் போவதில்லை. தன்னைப் பார்த்துச் சிரிக்கிற வீட்டை விருந்தாளிக்குப் பிடிக்கும். 1842-ல் வீட்டுக்காரர் ராணியிடம் செய்தது அதைத்தானே.

கோட்டைக்கு வெளியே ஒரு கதை மிச்சம் இருக்கிறது. எட்ஜ்வெல் என்ற ஊற்றருகே ஒரு பழைய ஓக் மரம் இருந்தது. அதிலிருந்து கிளை விழுந்தால் ராம்சே குடும்பத்தில் சாவு விழும் என்று ஊர் நம்பியது. 1874 ஜூலையில் காற்றே இல்லாத ஒரு நாள் பெரிய கிளை முறிந்தது. வனக்காவலர் பார்த்துவிட்டு ‘பிரபு போய்ட்டார்’ என்றாராம். சேதி பிறகுதான் வந்தது, ஃபாக்ஸ் மௌல் ஆங்கஸில் இறந்துவிட்டார் என்று. அவருக்கும் பிள்ளை இல்லை.